சக்கரத்தில் கட்டிய சிவப்புத் துணி

கார்வெத், சஸ்காட்சுவான்
20 அக்டோபர் 1909

அன்புள்ள எஃபி அக்காவுக்கு,

தம்பி லாக்லன் எழுதுகிறேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. இடது கட்டைவிரல் மட்டும் சுத்தியலுக்கு அடியில் சிக்கி நகம் கறுத்துப்போயிருக்கிறது. நீயும் உன் மகள் இஷ்பெலும் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்களா?

நேரே விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் நில அலுவலகத்தில் உன் பெயரைப் பதிந்துவிட்டேன்! வயது வராத பிள்ளையை வைத்திருக்கும் விதவைக்கு நூற்றறுபது ஏக்கர் உண்டு, கூடப்பிறந்தவன் போய்ப் பதியலாம் என்று சொன்னேனே, அது நடந்துவிட்டது. என் நிலத்துக்குக் கிழக்கே ஒட்டினாற்போல இருக்கிறது உன் நிலம். குமாஸ்தா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "பொம்பளைக்கு எதுக்குய்யா இத்தனை ஏக்கரு?" என்றார். "எங்கக்காவ ஒருதரம் பாத்தீங்கன்னா இப்படிக் கேக்க மாட்டீங்க" என்றேன். குத்தினார் முத்திரையை.

ஒரு நிபந்தனை இருக்கிறது. ஆறு மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் பதினெட்டுக்குள், உன் நிலத்தில் நிற்கும் வீட்டில் நீ குடியேறியாக வேண்டும். தவறினால் வேறு எவனாவது கேட்டு வாங்கிக்கொள்வான். எனக்கும் என் நிலத்தில் வீடு வேண்டும். என் மண்கட்டிக் குடிசை போன மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதனால் இங்கே பலரும் செய்வதையே நாமும் செய்வோம். இரண்டு நிலத்துக்கும் நடுவே ஓடும் எல்லைக்கோட்டின் மேலேயே ஒரு வீடு. மேற்குப் பாதி என் மண்ணில், கிழக்குப் பாதி உன் மண்ணில். அவரவர் கட்டில் அவரவர் நிலத்தில். நடுவில் ஒரே அடுப்பு.

இந்த வருஷம் பதினோரு வீடும் ஒரு வங்கியும் இரண்டு தேவாலயமும் கட்டிவிட்டேன். பன்னிரண்டாவது வீடு நம்முடையது.

உன் தம்பி,
லாக்லன் மக்வாரி
கட்டட காண்டிராக்டர் (இப்படி ஒரு பலகையே எழுதி மாட்டியிருக்கிறேன், சிரிக்காதே)

*

புரூஸ் கவுண்டி, ஒண்டாரியோ
2 நவம்பர் 1909

அன்புத் தம்பி லாக்லனுக்கு,

நாங்கள் நலம். விரலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, நகத்தைப் பிடுங்காதே. பலகைக்குச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை, மன்னித்துவிடு.

உன் கடிதத்தை இஷ்பெல் மூன்று தடவை சத்தமாகப் படித்தாள். மூன்று தடவையும் அழுதேன். ஆர்ச்சி இறந்து ஐந்து வருஷமாக அவர் தம்பி டங்கன் வீட்டில் இருக்கிறேன். குறை சொல்லக் கூடாது, சோறு போடுகிறார்கள். ஆனால் ஓரகத்தி மின்னி என் அறைக்குள் ஒரு நாளும் கதவைத் தட்டிவிட்டு வந்ததில்லை. நான் உடை மாற்றிக்கொண்டிருந்தாலும் சரி, ஜெபத்தில் இருந்தாலும் சரி, தடாலென்று திறப்பாள். "நம்ம வீட்டுக் கதவுதானே" என்பாள். நம்ம என்றால் அவளுடையது என்று அர்த்தம்.

நிலத்தைப் பற்றிச் சொன்னதும் டங்கன் வாய்விட்டுச் சிரித்தார். "அளக்கிறவன் உன் தம்பி. ரெண்டு நெலமும் யார் பக்கம் போகும்னு பாத்துக்கிட்டே இரு அண்ணி" என்றார். என் தம்பியை எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு நூற்க உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு வேண்டியது கிழக்கே ஒரு ஜன்னலும், உட்பக்கம் தாழ்ப்பாள் வைத்த ஒரு கதவும். மற்றதெல்லாம் உன் இஷ்டம்.

பாசமுள்ள அக்கா,
எஃபி

*

கார்வெத்
25 நவம்பர் 1909

என் அருமை அக்காவுக்கு,

நலம். குளிர் ஆரம்பித்துவிட்டது, மீசையில் பனி தொங்குகிறது. அங்கே எப்படி?

வீடு நின்றுவிட்டது! நீளம் இருபத்துநாலு அடி, அகலம் பதினாறு. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் ஒரு மயிரிழை சாயாது. உன் ஜன்னல் கிழக்கே, உன் கதவில் தாழ்ப்பாள், அதுவும் பித்தளையில்.

எல்லைக்கோட்டை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று இஷ்பெல் கேட்பாள். நில அளவைக்காரர்கள் நட்ட நடுக்குச்சி காட்டுத்தீயில் எரிந்துபோயிற்று. மூலையில் இரும்புக் கம்பி மட்டும் மிச்சம். அங்கிருந்து கோடு அரை மைல் கிழக்கே. இந்தச் சமவெளியில் அளப்பதற்கு எல்லோருக்கும் இருப்பது வண்டிச் சக்கரம்தான். ஆரக்காலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, துணி எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். என் வண்டிக்கு அரை மைல் என்றால் நூற்றுத் தொண்ணூற்று நாலு சுற்று. மற்றவர்கள் பின்னால் நடந்து எண்ணுவார்கள். அன்றைக்கு எனக்கு இன்னும் மூன்று இடத்தில் வேலை. ஆசனத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டே எண்ணி முடித்துவிட்டேன். நடுவில் ஒரு சங்கீதம்கூடப் பாடவில்லை, எண்ணிக்கை தப்பிவிடுமே என்று.

சுவர்ப்பூச்சு காய்ந்துகொண்டிருக்கிறது. ஜனவரி முதல் வாரம் புறப்படு.

லாக்லன்

*

மிஸ் பர்டி தொப்பிக்கடை மேற்பார்வை, புரூஸ் கவுண்டி
8 டிசம்பர் 1909

அன்புத் தம்பிக்கு,

சுகம்தான். இனி மேலே உள்ள விலாசத்துக்கு எழுது. பண்டிகைக் காலம், மிஸ் பர்டிக்குத் தொப்பி தைக்க ஆள் வேண்டுமாம், பகலெல்லாம் நான் இங்கேதான் இருக்கிறேன்.

ஜனவரி பத்தாம் தேதி ரயிலுக்குக் கேட்டு வைத்திருக்கிறேன். இரண்டு பெட்டி, ஒரு தையல் மிஷின், ஒரு இஷ்பெல். பித்தளைத் தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டே தூங்குகிறேன் என்றால் நம்புவாயா? ஒரு வரி போடு, போதும்.

எஃபி

*

கார்வெத்
20 டிசம்பர் 1909

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பூச்சு இன்னும் காயவில்லை. புகைபோக்கியும் கொஞ்சம் தொந்தரவு செய்கிறது. இந்தக் குளிரில் குழந்தையோடு வராதே. மார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம். கார்வெத்தில் பள்ளிக்கூடம் கட்டப்போகிறார்கள், அந்த ஒப்பந்தம் எனக்குக் கிடைக்கும்போல இருக்கிறது. ஜனவரிக் கடைசியில் கமிட்டி கூடி முடிவு செய்யும். வேலை அதிகம்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

லாக்லன்

*

மிஸ் பர்டி தொப்பிக்கடை
2 ஜனவரி 1910

லாக்லனுக்கு,

புது வருஷத்தில் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு கோபம்.

நான்கு பக்கத்துக்குக் குறைந்து நீ எனக்கு எழுதியதே இல்லை. இந்தத் தடவை ஒன்பது வரி. பதினோரு வீட்டுக்கும் பூச்சு ஒரு மாதத்தில் காய்ந்தது, என் சுவருக்கு மட்டும் மார்ச் வரை காயாதா? பெண் யாரையாவது வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாயா? அப்படியென்றால் சொல்லித் தொலை, சந்தோஷப்படுவேன். அது இல்லை என்றால் வேறு என்ன?

டங்கன் சொன்ன வார்த்தை காதிலேயே நிற்கிறது. அதை நம்பவில்லை. நம்பவில்லை என்று தினம் காலையில் எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதுதான் கேவலமாக இருக்கிறது. ஒரே கேள்வி. அந்த நிலம் எனக்கு உண்டா, இல்லையா?

ரயிலைத் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

எஃபி

*

கார்வெத்
25 ஜனவரி 1910

மரியாதைக்குரிய எஃபி பெயர்ட் அம்மாவுக்கு,

நான் சோல்வெய்க் ஹௌகன். உங்க தம்பி நெலத்துக்கு வடக்கால இருக்கிறோம், நார்வேக்காரங்க. எனக்கு உங்க மொழி பேச வரும், எழுத வராது. பாதிரியார் மக எழுதுறா, நான் சொல்லச் சொல்ல. ஒரு வார்த்தையும் மாத்தாதடின்னு சொல்லியிருக்கேன். நீங்களும் பிள்ளையும் சௌக்கியமா?

உங்க கடுதாசிய உங்க தம்பி எங்க அடுப்படியில உட்கார்ந்து படிச்சாரு. படிச்சிட்டு மடிச்சு வச்சாரு. மறுபடி பிரிச்சாரு. ரெண்டு வாரமா இதே கூத்துதான். பதில் எழுதுங்கன்னா "நாளைக்கு"ங்கிறாரு. நீங்க பாவம்னு நானே எழுதுறேன்.

நவம்பர் கடைசியில எங்க வீட்டுக்காரரு டோர்வால்ட், வேலி போடணும்னு இரும்புச் சங்கிலி வச்சு அந்தப் பக்கமெல்லாம் அளந்தாரு. அளந்தா, எல்லைக்கோடு உங்க வீட்டுக்குக் கிழக்கால நானூறு அடி தள்ளி விழுது! வீடு முழுசும் உங்க தம்பி நெலத்துல நிக்குது. உங்க நெலத்துல ஒரு கோழிக்கூடுகூட இல்ல.

உங்க தம்பி வந்து பாத்தாரு. சங்கிலிய ரெண்டு தரம் போட்டாங்க. அப்புறம் அவரு வண்டிக்கிட்ட போயி அந்தச் சிவப்புத் துணியப் பாத்துக்கிட்டே நின்னாரு. வண்டில பின் சக்கரம் பெருசு, முன் சக்கரம் சிறுசு. நூத்தித் தொண்ணூத்தி நாலுங்கிறது பின் சக்கரக் கணக்கு. உட்கார்ந்துக்கிட்டே எண்ண வசதியா இருக்கட்டும்னு மகராசன் முன் சக்கரத்துல கட்டியிருக்காரு. சின்னச் சக்கரம், அதான் நானூறு அடிக்கு முன்னாடியே எண்ணிக்கை முடிஞ்சிருச்சு. எங்க ஆளு கேட்டாரு, "ஏன்யா, ஊருக்கே அளந்து குடுக்கிற ஆளு, ரெண்டடி நடக்க முடியலையா?" உங்க தம்பி பனியிலயே உட்கார்ந்துட்டாரு.

அவரு முட்டாளும்மா. திருடன் இல்ல. அதை நான் எங்க வேணாலும் சத்தியம் பண்ணுவேன்.

பனி இருக்கும்போதே வீட்ட இழுத்துட்டுப் போயிடலாம். அதுக்கு இருபத்துநாலு குதிரை வேணும், ஊரே வரணும். ஊரக் கூப்பிட்டா விஷயம் வெளிய வரும். பள்ளிக்கூட ஒப்பந்தம் போயிடும்னு வாயத் திறக்காம இருக்காரு. இதுக்கு நடுவுல குதிரை லாயக்காரன் கிராண்டல் மோப்பம் புடிச்சிட்டான். உங்க நெலத்த தன் மகனுக்குக் கேக்கப்போறானாம். மார்ச்சுல பனி இளகிட்டா வீட்ட நகத்த முடியாது. அவ்வளவுதான்.

நான் எழுதினேன்னு சொல்லிக்கோங்க. எனக்குப் பயம் இல்ல.

சோல்வெய்க் ஹௌகன்

*

கார்வெத்
1 பிப்ரவரி 1910

அக்கா,

நீ நலமா என்று கேட்கும் தகுதிகூட எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

சோல்வெய்க் எழுதிவிட்டாளாம். தபால் போட்ட பிறகு வந்து சொன்னாள். அவள் எழுதியதெல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். எழுதாத ஒன்றை நான் சொல்கிறேன். வீடு தப்பான இடத்தில் நிற்கிறது என்று தெரிந்த அன்றே நான் உனக்கு எழுதியிருக்க வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும், பிறகு பார்க்கலாம் என்று இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தேன். உன் நிலத்தையும் என் பெயரையும் தராசில் வைத்து, என் பெயர் பக்கம் சாய்ந்துவிட்டேன் அக்கா. சக்கரம் தப்பு, அது அசட்டுத்தனம். இது அசட்டுத்தனம் இல்லை.

"அந்த நிலம் எனக்கு உண்டா?" என்று நீ கேட்ட வரி என்னைத் தூங்கவிடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடக் கமிட்டி கடையில் கூடியது. வரைபடத்தை விரித்து வைத்திருந்தார்கள், பேனா என் கையில். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முன் சக்கரம், பின் சக்கரம், நானூறு அடி, எல்லாம்.

அப்புறம் யாரோ பின்னாலிருந்து, "வங்கிய எந்தச் சக்கரம் வச்சு அளந்தீரு காண்டிராக்டரே?" என்றார். கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தார்கள். நானும் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. கமிட்டித் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கட்டுறது நீங்கதான். மனை அளக்கிறது மட்டும் ஹௌகன்." ஒப்பந்தத்தில் அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இதற்கா இரண்டு மாதம் பயந்து செத்தேன்!

பதினாறாம் தேதி வீட்டை இழுக்கிறோம். குதிரை தருகிறேன் என்று ஒன்பது பேர் அங்கேயே பெயர் கொடுத்தார்கள். கிராண்டல் மட்டும் எழுந்து போய்விட்டான்.

என்னை மன்னி என்று கேட்கவில்லை. வா என்று மட்டும் கேட்கிறேன்.

லாக்லன்

*

மிஸ் பர்டி தொப்பிக்கடை
8 பிப்ரவரி 1910

அட முட்டாள் தம்பி,

நான் நலம். உன் கடிதத்துக்குப் பிறகுதான் நலம்.

உன்மேல் இருக்கிற கோபத்தை நேரில் வந்து தீர்த்துக்கொள்வேன், கடிதத்தில் வீணாக்க மாட்டேன். ஆனால் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? நீ என்னை ஏமாற்றவில்லை, உட்கார்ந்துகொண்டு எண்ணியிருக்கிறாய்! மிஸ் பர்டியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவள் எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நீ சொன்னதால் நானும் சொல்கிறேன். டிசம்பர் முதல் வாரமே டங்கன் எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டார். "சொந்த நெலம் வந்துருச்சே, அங்கயே போங்க" என்று மின்னி என் பெட்டியைத் தாழ்வாரத்தில் வைத்தாள். அன்றிலிருந்து நானும் இஷ்பெலும் இந்தக் கடையின் பின்னறையில், தொப்பிப் பெட்டிகளுக்கு நடுவே படுக்கிறோம். திரும்பிப் படுத்தால் இறகு மூக்கில் ஏறும். நீ பயந்துவிடுவாய் என்று எழுதவில்லை. ஆகவே நாம் இரண்டு பேரும் ஒரே அம்மாவின் பிள்ளைகள்தான், சந்தேகம் வேண்டாம்.

பதினாலாம் தேதி புறப்படுகிறோம். வீடு நகர்ந்தாலும் சரி, நகராவிட்டாலும் சரி. என் நிலத்தில் கூடாரம் போட்டாவது உட்காருவேன், கிராண்டல் வந்து பார்க்கட்டும்.

எஃபி

*

கார்வெத்
18 பிப்ரவரி 1910
(பெறுநர்: எஃபி, வின்னிபெக் ரயில் நிலைய விடுதி மேற்பார்வை)

அக்காவுக்கு,

பனியில் ரயில் நின்றுவிட்டது, வின்னிபெக்கில் காத்திருக்கிறோம் என்ற உன் தந்தி கிடைத்தது. இரண்டு பேரும் சூடாக இருக்கிறீர்களா? நன்றாகச் சாப்பிடுங்கள்.

வீடு நகர்ந்துவிட்டது! நாலு பக்கமும் ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் இரண்டு நீளமான சறுக்குக்கட்டைகளைக் கொடுத்து, இருபத்தாறு குதிரைகளைப் பூட்டினோம். ஊரே வந்திருந்தது. பெண்கள் ரொட்டி, ஆண்கள் யோசனை. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சோல்வெய்க் காபிக் கெண்டியை அடுப்பில் வைத்துவிட்டு இறங்கமாட்டேன் என்றுவிட்டாள். "நாப்பது பேருக்குக் காபி யாரு போடுறது? நீங்க இழுங்க, நான் கொதிக்க வைக்கிறேன்" என்று உன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னாள். நானூறு அடியும் வீட்டுக்குள்ளேயே பயணம் செய்தாள்.

டோர்வால்ட் எல்லைக்கோட்டில் ஒரு கம்பம் நட்டு அதில் என் சிவப்புத் துணியைக் கட்டியிருந்தார், பாவி மனுஷன். அது வீட்டின் நடுவுக்கு வரும்போது நிறுத்த வேண்டும். எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. ஆனால் அந்த இடம் குட்டையை நோக்கி லேசாகச் சரிகிறது. அடியில் பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடந்தது. குதிரைகளை நிறுத்தினோம். வீடு நிற்கவில்லை! கம்பத்தைச் சாய்த்துக்கொண்டு, ஆடி அசைந்து, குதிரைகளைப் பக்கவாட்டில் விரட்டிக்கொண்டு தானாகப் போய், ஒரு சறுக்குக்கட்டை படாரென்று ஒடிந்த பிறகுதான் உட்கார்ந்தது. குதிரைக்கோ மனிதருக்கோ ஒரு கீறல் இல்லை. பூச்சில் மூன்று விரிசல். காபி ஒரு சொட்டு சிந்தவில்லை என்று சோல்வெய்க் இன்றுவரை பெருமை அடித்துக்கொள்கிறாள்.

டோர்வால்ட் சங்கிலி போட்டார். போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். வீட்டின் மேற்குச் சுவர் கோட்டைத் தாண்டி நாலு அடி போயிருக்கிறது. அக்கா, வீடு முழுக்க உன் நிலத்தில்! என் நிலத்தில் இப்போது ஒரு கோழிக்கூடுகூட இல்லை.

மேட்டில் திரும்ப இழுக்கச் சொல்லிக் கேட்டேன். ஒருத்தரும் அசையவில்லை. "அக்கா வீட்டுல வாடகைக்கு இருந்துக்கங்க காண்டிராக்டரே" என்று சொல்லிவிட்டுக் குதிரைகளை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ரயில் கிளம்பியதும் தந்தி கொடு. சறுக்குவண்டியோடு நிலையத்தில் நிற்கிறேன்.

லாக்லன்

*

என் வீடு, கார்வெத்
12 ஏப்ரல் 1910

அன்புத் தம்பி லாக்லனுக்கு,

நாங்கள் சுகம். பள்ளிக்கூட வேலைக்கு மரம் அறுக்கப் போய் மூன்று வாரம் ஆகிறது, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? விரல்கள் பத்தும் இருக்கின்றனவா?

நேற்று நில அலுவலகத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். கிராண்டல் எழுதிப் போட்ட புகார் கையிலேயே இருந்தது. டோர்வால்ட் சங்கிலியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார், இரண்டு பேரும் நாலு பக்கமும் அளந்தார்கள். நான் உள்ளே ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டிருந்தேன். உப்பை இரண்டு தடவை போட்டதை இஷ்பெல் மட்டும் பார்த்தாள்.

பிறகு வாசலுக்கு வந்து, "வீட்டுக்காரரு எங்கம்மா?" என்றார்.

"உங்க முன்னாலதான் நிக்கிறாங்க" என்றேன்.

தொப்பியை எடுத்துவிட்டு எழுதிக்கொண்டார். எஃபி பெயர்ட், விதவை, சொந்த நிலத்தில், சொந்த வீட்டில் குடியிருக்கிறார். அந்த வரியைக் காட்டுங்கள் என்று கேட்டு வாங்கி நானே படித்தேன். அவர் போன பிறகு முற்றத்துச் சேற்றில் இஷ்பெலும் நானும் கையைக் கோத்துக்கொண்டு ஆடினோம், செருப்பு ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.

உனக்காக மேற்குச் சுவரை ஒட்டி நீ ஆரம்பித்த சாய்ப்பு அறைக்கு டோர்வால்ட் கூரை போட்டு முடித்துவிட்டார். அவரே அளந்தார், உன்னை நம்பவில்லை. முதல் நாலு அடி என் நிலம், அங்கே உன் செருப்பை விடலாம். அதற்கு அப்பால் உன் நிலம், அங்கே உன் கட்டில். சட்டப்படி நீயும் தப்பித்தாய். அடுப்பும் சாப்பாட்டு மேஜையும் என் பக்கம்தான், வேறு வழியில்லை.

உன்மேல் இருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன். காலையில் ஜன்னல் வழியே வெயில் என் கட்டிலில் வந்து விழும்போது அது எங்கேயோ போய்விடுகிறது. இருந்தாலும் அவ்வப்போது சொல்லிக் காட்டுவேன், பொறுத்துக்கொள்.

ஒன்று மட்டும். நேற்று சோல்வெய்க் வந்தாள். நம் அம்மாவைப்போல உரிமையுள்ளவள், கைநிறைய முட்டை வேறு. ஆனாலும் வெளியே நின்று மூன்று தடவை தட்டிவிட்டு, "எஃபி, வரலாமா?" என்று கேட்டாள். ஓடிப்போய்ப் பித்தளைத் தாழ்ப்பாளை நீக்கித் திறந்தேன்.

சனிக்கிழமை வருவாய் அல்லவா? உன் சாய்ப்பிலிருந்து என் அடுப்படிக்கு வரும் கதவை, கட்டியவன் நீயே ஆனாலும், தட்டிவிட்டு வா. உடனே திறப்பேன்.

உன் அக்கா,
எஃபி